திரண்ட தட்டணுவும் திரிந்த கணக்கும்

காய்ச்சல் பரவும் மாதங்களில் தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனையிலும் நோயாளியின் உறவினர் முதலில் கேட்பது தட்டணு எத்தனை என்பதையே. அணுக்களை எண்ணும் இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண்ணே இக்கேள்விக்கு இறுதி விடை என்பதும், இயந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அந்த விடை நம்பத்தக்கது என்பதும் மருத்துவம் பயின்றோரிடமும் பயிலாதோரிடமும் ஒருசேர வேரூன்றிவிட்ட கருத்துகள். இவற்றின் நீட்சியாகவே, ஜவ்வாது மலை போன்ற இடங்களில் ஆய்வகத்தை வளர்க்க வேண்டியதில்லை, இரத்தத்தை எடுத்து அடிவார நகரங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் போதும் என்ற வாதமும் வலுப்பெறுகிறது. மாதிரியில் தட்டணுக்கள் ஒட்டித் திரண்டிருப்பது தெரியவந்தால், அது இரத்தம் எடுத்தவரின் கைப்பிழை, மறுபடி எடுத்தால் சரியாகிவிடும் என்று அதற்கொரு சமாதானமும் ஆயத்தமாக இருக்கிறது. எண் பற்றிய கருத்தும், இடம் பற்றிய வாதமும், இந்தச் சமாதானமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. தட்டணு எப்படித் திரள்கிறது என்பதை உள்ளபடி ஆராய்ந்தால் மூன்றும் நிலைக்கமாட்டா.

தட்டணுக்கள் எலும்பு மச்சையில் மெகாகேரியோசைட் எனப்படும் பேரணுக்களிலிருந்து உதிரும் உட்கரு இல்லாத சிறு துணுக்குகள். இரண்டு அல்லது மூன்று மைக்ரோமீட்டர் குறுக்களவே கொண்ட இவை, நலமாக இருக்கும் ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். காயம்பட்ட குழாய்ச் சுவரில் ஒட்டுவதும், ஒட்டிய இடத்தில் தம்மினத்தை அழைத்துத் திரள்வதுமே இவற்றின் தொழில் என்பதால், உடலைவிட்டு வெளியே வந்த கணத்திலிருந்து இவை திரளவே முயல்கின்றன. அதைத் தடுப்பதற்காகவே, அணு எண்ணிக்கைக்கான இரத்தம் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் பூசப்பட்ட ஊதா மூடிக் குழாயில் எடுக்கப்படுகிறது. இரத்தம் உறைவதற்குக் கால்சியம் அயனி தேவை, இ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் உறைதல் நின்றுவிடுகிறது. அணுக்களின் வடிவத்தையும் அது பெரும்பாலும் கெடுப்பதில்லை என்பதால், இரத்தவியல் செந்தரங்களுக்கான பன்னாட்டுக் குழு 1993இல் அதன் பொட்டாசியம் உப்பையே அணு எண்ணிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்தத் தேர்வில் குறை காண இடமில்லை. ஆனால் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்ட இடத்திலிருந்துதான் பிழை தொடங்குகிறது.

இயந்திரம் எண்ணும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனெனில் அதன் மீதுள்ள அளவற்ற நம்பிக்கை பெரும்பாலும் அதை அறியாமையால் விளைவது. வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் சிறிய, நடுத்தர இயந்திரங்களின் அடிப்படை. நீர்த்த இரத்தம் மிக நுண்ணிய துளை ஒன்றின் வழியே இழுக்கப்படுகிறது. துளையின் ஊடே மின்னோட்டம் பாய்கிறது. ஒரு துகள் துளையைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் உயர்கிறது. அந்த உயர்வு துகளின் கன அளவுக்கு ஏற்ப இருக்கிறது. ஏறத்தாழ 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் வரை கன அளவுள்ள துகளைத் தட்டணு என்றும், அதற்கு மேற்பட்டதைச் சிவப்பணு என்றும் இயந்திரம் பிரிக்கிறது. அது தட்டணுவைக் காண்பதில்லை, பருமனை மட்டுமே அளக்கிறது. ஈரத்தில் ஒட்டிக் கட்டிதட்டிய சாமை மணிகளைச் சல்லடை கல்லோடு சேர்த்து ஒதுக்கிவிடுவதுபோல, முப்பது தட்டணுக்கள் சேர்ந்த ஒரு திரளை இயந்திரம் தட்டணுக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுகிறது. அத்துடன் நிற்பதுமில்லை. சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு வெள்ளணுக்களை எண்ணும் அறையில் அதே திரள் கரையாமல் எஞ்சி, சிறிய வெள்ளணுவாகக் கணக்கில் சேர்கிறது. தட்டணு குறைந்தும் வெள்ளணு மிகுந்தும் காட்டும் அவ்வறிக்கையைப் பார்க்கும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயையே நினைக்க நேரலாம்.

பிழை ஒரு திசையில் மட்டும் போவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை முற்றியவரின் சிவப்பணுக்கள் மிகச் சிறுத்துப்போகும்; அவற்றுள் மிகச் சிறியவையும் உடைந்த துணுக்குகளும் தட்டணுவாக எண்ணப்படும். இரத்தசோகை மிகுந்த மக்களிடையே, உண்மையில் குறைந்துபோன தட்டணுவை இயந்திரம் நிறைவாகக் காட்டிவிடவும் கூடும்.

இயந்திரம் தன் ஐயத்தை மறைப்பதில்லை என்பதை அதன் சார்பில் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தட்டணுக்களின் பருமனைக் காட்டும் வளைகோடு வலப்பக்கத்தில் அடிக்கோட்டைத் தொடாமல் தூக்கி நின்றாலோ ரம்பப் பல்லாக ஏறி இறங்கினாலோ, திரள் இருக்கக்கூடும் என்று அது குறியிட்டே சொல்கிறது. ஆனால் அந்த வளைகோடும் குறியும் ஆய்வகத்தைத் தாண்டி வருவது அரிது. எண்கள் மட்டும் வேறு தாளில் தட்டச்சாகி நோயாளியின் கைக்கு வந்துசேர்கின்றன. இயந்திரம் ஐயத்தோடு சொன்னது மருத்துவரின் மேசையில் உறுதியாகிவிடுகிறது.

இனி, திரள்வது கைப்பிழையே என்ற சமாதானத்துக்கு வருவோம். அது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. கைப்பிழையால் திரள்வது உண்டு. எண்ணிக்கையில் அதுவே அதிகம் என்றும் கொள்ளலாம். காய்ச்சலில் நீர்வற்றிய குழந்தையின் நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளே வைத்தபடியே துழாவினால், கிழிந்த திசுக்களிலிருந்து வெளிப்படும் பொருள் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும், இரத்தம் சொட்டுச்சொட்டாக வந்தாலும், ஊசிக்குழலிலேயே தங்கவிட்டுப் பிறகு குழாயில் ஊற்றினாலும் இதுவே நிகழும். குழாயில் விட்டவுடன் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால், சுவரில் பூசியிருக்கும் மருந்து இரத்தத்தோடு கலப்பதற்குள் தட்டணுக்கள் தங்கள் வேலையைத் தொடங்கிவிடும். இத்தகைய மாதிரியை மெல்லிய மரக்குச்சியால் துழாவினால் நூலிழை போன்ற உறைகட்டி குச்சியில் சுற்றிவருவது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்கு மறுபடி இரத்தம் எடுப்பதே சரியான மருந்து. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் எடுத்தவரிடம் எக்குறையும் இல்லாமல், நரம்பு முதல் குத்தலிலேயே கிடைத்து, குழாய் உரிய கோடுவரை நிறைந்து, உடனே கலக்கப்பட்டும் தட்டணு திரள்வது உண்டு. அதற்குக் காரணம் குழாயிலுள்ள இ.டி.டி.ஏ.யே. தட்டணுவின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் கால்சியத்தால் பிணைக்கப்பட்டு ஓர் இணையாக நிற்கின்றன. கிளைகோபுரதம் 2பி, 3ஏ என்பன அவற்றின் பெயர்கள். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும்போது அந்த இணையின் வடிவம் குலைந்து, உடலுக்குள் என்றும் வெளித்தெரியாமல் மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்படுகிறது. சிலருடைய இரத்தத்தில் அப்பகுதியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே உள்ளன. அவை தட்டணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. அந்தப் புரத இணையே பிறவியில் இல்லாத கிளான்ஸ்மன் நோயாளிகளின் தட்டணுக்கள் இந்த எதிர்ப்பொருள்களால் திரள்வதில்லை என்பது இவ்விளக்கத்துக்கு வலுவான சான்று. குழாய்க்குள் நடப்பது உடலுக்குள் நடப்பதில்லை. அந்த மனிதருக்கு இரத்தக்கசிவும் இல்லை, நோயும் இல்லை. மருத்துவ இலக்கியத்தில் 1969 முதலே விவரிக்கப்பட்டுவரும் இந்நிலைக்குப் பொய்த் தட்டணுக்குறைவு என்று பெயர். இப்படிப்பட்டவரிடம் மறுபடி, மூன்றாம் முறை, நான்காம் முறை என்று அதே ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே பொய்யே திரும்பிவரும். திரும்பத் திரும்ப ஒரே எண் வருவதையே அது உண்மை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் அவலமும் நேரும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய அரிய கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும். எதிர்ப்பொருளால் விளையும் திரள் நேரத்தோடு வளர்வது: எடுத்த சில நிமிடங்களுக்குள் எண்ணினால் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும் எண், அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று செல்லச்செல்லச் சரிந்துகொண்டே போகும். கைப்பிழையால் விளைந்த திரளோ பெரும்பாலும் குழாய்க்குள் வந்துசேரும்போதே உருவாகிவிட்டிருக்கும். அரிதாக, தட்டணுக்கள் தமக்குள் ஒட்டாமல் ஒரு வெள்ளணுவைச் சுற்றி மாலைபோல ஒட்டி நிற்பதும் உண்டு. 1963 முதல் அறியப்பட்ட அந்நிலையும் குழாய்க்குள் மட்டுமே நிகழ்வது.

இது ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது, இதற்காக நடைமுறையையே மாற்றவேண்டுமா என்று கேட்போர் உண்டு. பொதுமக்களிடையே இதன் அளவு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவர் என்பது உண்மைதான். ஆனால் வினா பொதுமக்களைப் பற்றியதன்று. தட்டணு குறைவு என்று அறிக்கை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு அது பொய்க்குறைவு என்பதே மருத்துவர் கேட்கவேண்டிய வினா. அந்தச் சிறு கூட்டத்துக்குள் பொய்க்குறைவின் பங்கு பலமடங்கு உயர்ந்துவிடுகிறது. அதனோடு கைப்பிழைத் திரளையும், இயல்பிலேயே பருத்த தட்டணு உள்ளவர்களையும் சேர்த்தால், காரணமறியாத தட்டணுக்குறைவு என்று அழைக்கப்படுவதில் ஒரு பகுதி குறைவே அல்ல என்பது விளங்கும்.

பருத்த தட்டணு என்பதற்கு எட்டாத இடத்துச் சான்று தேட வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் வடபுறத்து நகரமான வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்ததானம் செய்ய வந்த மேற்கு வங்கத்தவரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, முழு நலத்தோடு இருந்த அவர்களுள் பலருக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் பருமனில் மிகுந்தும் இருப்பதையும், அதனால் அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏதும் இல்லை என்பதையும் காட்டியது. பின்னர் ஹாரிஸ் தட்டணு நிலை என்று பெயர்பெற்ற இது, மிகப் பருத்த தட்டணுவைச் சிவப்பணுவென்று தள்ளிவிடும் இயந்திரத்தால் உள்ளதைவிட மேலும் குறைத்துக் காட்டப்படுகிறது. இயந்திரத்தோடு நின்றிருந்தால் அவர்கள் நோயாளிகளாகவே முத்திரை குத்தப்பட்டிருப்பர்.

இடம் பற்றிய வாதமே இம்மறுப்பின் மையம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் சிற்றூர்கள் காடும் சாமை வயலும் இடையிட்டுச் சிதறியிருக்கின்றன. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதை. புதூர்நாட்டார் திருப்பத்தூருக்கு இறங்கவேண்டும். காவலூர்ப் பக்கத்தார் ஆலங்காயத்துக்கு. மாதிரிகளை ஒரு மையத்தில் குவித்துப் பெரிய இயந்திரத்தில் சோதித்தால் தரம் உயரும், செலவு குறையும் என்பது திட்டமிடுவோரின் கணக்கு. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் தைராய்டு சுரப்புக்கும் அக்கணக்கு ஓரளவு பொருந்தலாம். தட்டணுவுக்கு அது பொருந்தாது; காரணம், பொய்க்குறைவை வளர்ப்பவை இரண்டு, அவை நேரமும் குளிரும். இந்த எதிர்ப்பொருள்களுள் பெரும்பாலானவை குளிரில் வீரியம் மிகுபவை. உடல் வெப்பமான 37 டிகிரியில் அடங்கியிருந்து, அறைவெப்பத்திலும் அதற்குக் கீழும் முனைப்பாகச் செயற்படுபவை. காலையில் மலையில் எடுத்த குழாய், மற்ற குழாய்களோடு சேர்ந்து, வண்டி வரும்வரை காத்திருந்து, வளைவுகளில் இறங்கி, மையத்தில் வரிசையில் நின்று இயந்திரத்துக்குள் போகும்போது மணிக்கணக்கில் நேரம் கழிந்துவிடுகிறது. வேறு சோதனைக்கான குழாய்களைக் காக்க வைத்த பனிக்கட்டிப் பொதியுடன் ஒரே பெட்டியில் அதுவும் வைக்கப்பட்டால், மார்கழிக் குளிரே தேவையில்லை. மலையில் எடுத்தவுடன் எண்ணியிருந்தால் வெளிப்பட்டிராத பொய், பயணத்தின்போது குழாய்க்குள்ளேயே விளைகிறது. எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமானாலும் தன்னிடம் வந்துசேரும் இரத்தத்தைத்தான் எண்ணும். திரண்டுவிட்டதை அதனால் பிரிக்க முடியாது.

இதே மலையில் காவலூரில் 1968 முதல் விண்மீன்கள் நோக்கப்படுகின்றன, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே நிறுவப்பட்டது. காணவேண்டியது எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கருவியைக் கொண்டுசெல்லவேண்டும் என்ற அறிவியல் நெறியை நாடு அந்த மலையில் ஒருமுறை கடைப்பிடித்திருக்கிறது. மலைவாழ் மக்களின் இரத்தத்தை நோக்குவதற்கு அந்நெறி ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவரை தக்க விடை தரப்படவில்லை.

கொண்டுசெல்லவேண்டிய கருவியோ பெரிதன்று. ஒரு நுண்ணோக்கி, கண்ணாடித் தகடுகள், லீஷ்மன் சாயம், அதை நீர்க்க உரிய காரகாடித் தன்மையுள்ள நீர், எண்ணெய் வில்லைக்கான ஒரு குப்பி எண்ணெய். இவற்றுள் பெரும்பாலானவை மலேரியாத் தகடு பார்க்கும் எந்த நிலையத்திலும் இருக்கவேண்டியவை. நன்கு கலந்த இரத்தத்தின் சிறு துளியைத் தகட்டின் ஒரு முனையருகே இட்டு, வேறொரு தகட்டின் விளிம்பை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் துளியின் முன்னே வைத்துப் பின்னிழுத்தால், துளி விளிம்பு நெடுகப் பரவும். பரவிய கணத்தில் தயங்காமல் ஒரே சீராக முன்னே தள்ளினால் நாக்கு வடிவில் மெல்லிய பூச்சு ஒன்று விழும். தொடக்கத்தில் தடித்தும் முடிவில் இறகு நுனியாக மெலிந்தும் இருக்கும் அப்பூச்சில், தேர்ந்த கண் முதலில் போகும் இடம் அந்த இறகு நுனியே. பருத்தவையும் திரண்டவையும் பூச்சின் ஓட்டத்தில் அங்கேயே அடித்துச் செல்லப்பட்டு ஒதுங்கும். சாயமேற்றிய பின் செங்கருநீலத் துணுக்குகள் பத்தும் இருபதும் ஐம்பதுமாகத் தேன்கூட்டுத் திட்டுபோல் ஒட்டிக் கிடப்பது அங்கே தெரிந்தால், இயந்திரம் சொன்ன எண் அந்நொடியே செல்லாததாகிவிடுகிறது. திரள் இல்லையென்றால், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் பகுதிக்கு வந்து, நூறுமடங்கு எண்ணெய் வில்லையில் பத்துப் புலங்களையாவது எண்ணி, சராசரியை 15,000ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டருக்கான எண்ணிக்கை கிடைக்கும். புலத்துக்குப் பன்னிரண்டு என்றால் 1,80,000. துல்லியமான கணக்கு அன்று இது. ஆனால் 38,000 என்று அச்சிட்ட தாளை நம்பி ஒருவரை மலையிறக்கலாமா என்பதை முடிவுசெய்ய இதற்குமேல் துல்லியம் தேவைப்படுவதுமில்லை.

விரல்நுனியில் குத்தி வரும் துளியை இ.டி.டி.ஏ. படாமலேயே நேராகத் தகட்டில் பூசிப் பார்ப்பதும் எளிது. அத்தகைய பூச்சில் தட்டணுக்கள் இயல்பாகவே சிறுசிறு கொத்தாக நிற்கும் என்பதை அறிந்தவர், அவை ஏராளமாக உள்ளனவா அருகியே உள்ளனவா என்பதை மட்டும் அதிலிருந்து முடிவுசெய்வார். எண்ணே வேண்டுமென்றால், ஒரு விழுக்காடு அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் நேரடியாக நீர்த்து, சிவப்பணுக்கள் கரைந்தபின் நியூபவர் கட்டத்தில் ஏற்றி, ஈரப் பேழையில் கால்மணி நேரம்போல் படியவிட்டு எண்ணலாம். பிரெக்கர், குரோன்கைட் ஆகிய இருவர் 1950இல் வகுத்த இம்முறையே நெடுங்காலம் மற்ற முறைகளுக்கு அளவுகோலாக இருந்தது.

கண்ணால் காண்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், இயந்திரத்துக்கு அந்தச் சார்பு இல்லை என்ற வாதம் இதற்கு எதிராக வைக்கப்படும். ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மை. இருவர் எண்ணினால் ஒருவருக்கு 1,60,000மும் மற்றவருக்கு 2,00,000மும் வரலாம். ஆனால் அவ்வேறுபாடு எவருடைய உயிரையும் தொடுவதில்லை. இரண்டு லட்சம் இருப்பவருக்கு நாற்பதாயிரம் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே சொல்லும் இயந்திரத்தின் மாறாத பிழைதான் தொடுகிறது. மலையில் தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை என்பது அடுத்த வாதம். திரளைக் கண்டறிவதற்கு இரத்தவியல் வல்லுநர் தேவையில்லை. மலேரியாத் தகட்டில் ஒட்டுண்ணியைத் தேடிக் கண்டுபிடிக்கும் லேப் டெக்னீஷியனால் அதைவிடப் பன்மடங்கு பெரிதான தட்டணுத் திரளைக் காண முடியாது என்பது அவரது திறமையை அறியாதவர் கூற்று. அவரிடம் இல்லாதது திறமையன்று, நேரம். ஒரே ஆள் சளிச் சோதனையும் கருவுற்றோர் சோதனையும் சர்க்கரைச் சோதனையும் பார்த்துக்கொண்டு, பதிவேடுகளையும் நிரப்பவேண்டியிருக்கும்போது தகடு பின்தள்ளப்படுகிறது. இரண்டாவது பணியாளரை அமர்த்த வேண்டிய இடத்தில் வண்டியை அமர்த்திவிட்டுத் தரம் உயர்ந்துவிட்டது என்பது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தலாம்.

டெங்கு பரவிய ஆண்டுகள் இந்த எண் மோகத்தின் விலையைக் காட்டின. 2012இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கும், 2017இல் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்கும் டெங்கு உறுதியானதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அப்போதெல்லாம் நோயாளியைவிட அவருடைய தட்டணு எண்ணே கவனிக்கப்பட்டது. ஆனால் டெங்குவில் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று. குருதி நீர் குழாய்களிலிருந்து கசிவதே. காய்ச்சல் தணியும் நாட்களில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, குருதிச் செறிவில் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு ஆகியவையே கவனிக்கவேண்டியவை. தட்டணு 20,000க்கு மிகாத 372 பேரிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, இரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது இரத்தக்கசிவைத் தடுப்பதில்லை என்றும், ஏற்றியவர்களிடமே பாதக விளைவுகள் மிகுதி என்றும் காட்டியது. உண்மையிலேயே குறைந்தவர்களுக்கே நிலை இதுவென்றால், குழாய்க்குள் மட்டும் குறைந்தவருக்கு ஏற்றுவதை என்னவென்பது? பொய்க்குறைவை மெய்யென்று நம்பி ஸ்டீராய்டு கொடுத்ததும், எலும்பு மச்சையைத் துளைத்துப் பார்த்ததும், மண்ணீரலையே நீக்கியதும், தேவையான அறுவையைத் தள்ளிப்போட்டதும் உலக மருத்துவ ஏடுகளில் பதிவானவை.

மலைக்கு இதில் தனியான ஓர் இழப்பும் உண்டு. வேலூர் வட்டாரத்தில் காய்ச்சலோடு தட்டணு குறைவதற்கு டெங்குவைப் போலவே முக்கியமான இன்னொரு காரணம், புதர்க்காடுகளிலுள்ள நுண்ணுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ மார்பின் கீழோ வலியில்லாமல் கருகிய பொருக்கோடு இருக்கும் ஒரு சிறு புண்ணே அதன் அடையாளம். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை அதற்கு மருந்து. தட்டணு எண்ணுக்காக அடிவார அறிக்கையை எதிர்பார்த்து ஒரு நாளைக் கழிப்பவர், ஆடையை விலக்கி அந்தப் புண்ணைத் தேடியிருந்தால் அன்றே மருந்து தொடங்கியிருக்கும்.

நீல மூடிக் குழாயில் எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எளிய தீர்வையும் அப்படியே ஏற்பதற்கில்லை. அதிலுள்ள சோடியம் சிட்ரேட் கால்சியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை என்பதால் பெரும்பாலோருக்குத் திரள் நின்றுவிடுவது மெய்யே. ஆனால் அது திரவமாக இருப்பதால் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு என்று மாதிரியை நீர்த்துவிடுகிறது. வந்த எண்ணை 1.1ஆல் பெருக்கவேண்டும், குழாய் கோடுவரை நிறையாவிட்டால் அப்பெருக்கலும் பிழைபடும். சிலருக்குச் சிட்ரேட்டிலும் திரளும். அப்போது குழாயை 37 டிகிரி நீரில் வைத்து உடனே எண்ணுவதோ, மக்னீசியம் சல்பேட் உள்ள குழாயை நாடுவதோ, மேற்சொன்ன நேரடி எண்ணுமுறைக்குத் திரும்புவதோதான் வழி. எந்தக் குழாயானாலும் தகட்டைப் பார்க்காமல் அதன் எண்ணை ஏற்பது பழைய தவற்றைப் புதிய நிறத்தில் செய்வதாகும்.

எதிர்த்திசைத் தவற்றையும் இங்கே விலக்கிவிடவேண்டும். திரள் தெரிந்த மாத்திரத்தில், தட்டணு நிறைய இருக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதிவிடுவோரும் உண்டு. டெங்கு நோயாளிக்கும் திரள் வரலாம். குறைந்துபோன தட்டணுவே திரண்டும் இருக்கலாம். திரள் காட்டுவது இயந்திரத்தின் எண் செல்லாது என்பதை மட்டுமே. உண்மை எண் என்ன என்பதை அது சொல்வதில்லை. ஆகவே அறிக்கையில் எண்ணை அடித்துவிட்டு, தகட்டில் திரள் உள்ளது, திரளை நீக்கி மதிப்பிட்டால் ஏறத்தாழ இவ்வளவு அல்லது மதிப்பிட இயலவில்லை, எடுத்த நேரம் இது, பார்த்த நேரம் இது என்று எழுதுவதே முறை. எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் குறிப்பது இப்போதைய வழக்கத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் சிறு செயல். அது இல்லாமல் அடிவாரத்தில் எவ்வளவு திறமையான வல்லுநர் இருந்தாலும் நேரத்தால் விளைந்த சரிவை அவரால் கணிக்க முடியாது.

மறுபடி எடுக்கலாம் என்று எழுதுவோர் அச்சொல்லின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நகரத்தில் அது பத்து நிமிட வேலை. ஜவ்வாது மலையின் உட்கிடையான ஊரிலிருந்து காய்ச்சல் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து, பேருந்து பிடித்து ஜமுனாமரத்தூர் வந்து இரத்தம் கொடுத்துத் திரும்பிய தாய்க்கு, இரண்டாம் நாள் மறுபடி வரச்சொல்வது இன்னொரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் கேட்பது. பலர் வராமலே விட்டுவிடுவர், அவ்வாறு விட்டவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று பதிவேடு சொல்லும். அவர் நிலையத்தை விட்டுப் புறப்படுவதற்குள் ஒரு தகட்டைப் பூசிச் சாயமேற்றிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். திரள் இருந்தால் அவர் அங்கிருக்கும்போதே விரல்நுனியில் இன்னொரு துளி எடுத்துவிடலாம்.

இ.டி.டி.ஏ.யால் திரளும் தன்மை ஒருவரிடம் பல்லாண்டுகள் நீடிக்கக்கூடும். அடுத்த காய்ச்சலிலும், மகப்பேற்றிலும், எலும்பு முறிந்து அறுவைக்குப் போகும்போதும் அதே ஊதா மூடிக் குழாய் அதே பொய்யைச் சொல்லும். அப்போது அவரைப் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக, வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருப்பார். எனவே ஒருமுறை உறுதிசெய்யப்பட்டதும் அதை நோயாளியின் கைப்புத்தகத்தில், முதல் பக்கத்தில், இரத்த வகைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்: இவருக்கு இ.டி.டி.ஏ. குழாயில் தட்டணு திரளும், சிட்ரேட் குழாயில் எடுத்து உடனே எண்ணவும், தகடு பார்க்காமல் தட்டணு ஏற்றவோ அறுவையைத் தள்ளிவைக்கவோ வேண்டாம்.